விலாவில் திடீரெண்டு கத்தி குத்தின மாதிரி நோவு, கூடவே காய்ச்சல். ஆருக்காவது வந்ததோ?

உப்புவெளி அம்மா
வெள்ளி, இரவு 10.50

ஆராவது முழிச்சிருந்தா பதில் போடுங்கோ.

மூத்த மகனுக்கு 15 வயசு. இண்டைக்குப் பின்னேரம் நாலரை மணி போல மைதானத்தில பந்தடிச்சுக்கொண்டு நிண்டவன், வலது பக்க விலாவைக் கையால பொத்திக்கொண்டு அப்பிடியே குந்தீட்டானாம். ஆரும் இடிக்கேல்ல. விழவும் இல்லை. கூட நிண்ட பெடியள் ஓட்டோவில ஏத்திக்கொண்டு வந்து விட்டாங்கள். வாசல்ல இறங்கினவன்ர முகத்தைப் பாத்த உடன எனக்கு வயித்துக்குள்ள என்னவோ செய்தது. "அம்மா, ஆரோ கத்தியால குத்தித் திருப்பிற மாதிரிக் கிடக்கு, மூச்சை உள்ள எடுக்கேலாது" எண்டான். போன வருசம் காலில கம்பி ஏறி ஆறு தையல் போட்டபோதும் சத்தம் போடாத பிள்ளை. சட்டை முழுக்க வேர்வை. இருவது நிமிசம் போல அந்தப் பாடு பட்டான். பிறகு தானாவே விட்டிட்டுது. எழும்பி இருந்து தேத்தண்ணி குடிச்சான், பாணும் கேட்டான். அப்பாடா எண்டு நான் குசினிக்குப் போக, ஆறு மணிக்குத் திரும்பவும் அதே இடம், அதே குத்து. உடம்பும் சுட்டுது, 101 காட்டிச்சு.

மாமி கண்ணூறு எண்டு செத்தல் மிளகாய் சுத்திப் போட்டா. பக்கத்து வீட்டு அக்கா வாய்வு எண்டு உள்ளி சுட்டுத் தந்தா. நான் சுளுக்கோ எண்டு நினைச்சு சித்தாலேப பூசினன், கை பட்ட உடன துடிச்சுப் போனான். ஏழரைக்கு ஒரு தனியார் இடத்துக்குக் கொண்டு போனம். ஈசிஜி எடுத்தவை, நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தவை. "ரெண்டும் நல்லாத்தான் கிடக்கு, ஒண்டுமில்லை, பள்ளிக்கூடம் போகப் பஞ்சியில நடிக்கிறான் போல" எண்டு அவனுக்கு முன்னாலயே சொல்லி, நோவுக் குளிசை தந்து அனுப்பினவை. வாற வழி முழுக்க அவன் ஒரு சொல் கதைக்கேல்ல. வீட்டுக்கு வந்துதான் "நீங்களும் நான் நடிக்கிறன் எண்டோ அம்மா நினைக்கிறீங்கள்?" எண்டு கேட்டான். அந்தக் கேள்வியோட என்னால படுக்க ஏலாமக் கிடக்கு.

இப்ப அயர்ந்திட்டான். இது என்ன எண்டு தெரிஞ்சவை சொல்லுங்கோ.


கிண்ணியாத் தம்பி
வெள்ளி, இரவு 11.05

அக்கா, பிள்ளை நடிக்கல்ல எண்டு நான் சத்தியமாச் சொல்லுவன். வேர்வை நடிப்புல வராது.

ஒண்டே ஒண்டு சொல்லணும். எங்கட வாப்பாவுக்கு 52 வயசு. ஒருநாள் சுபஹுத் தொழுதிட்டு வந்து நெஞ்சு இறுக்குது எண்டார். நாங்க எல்லாரும் வாய்வுதான் எண்டு இஞ்சிப் பிளேன்டீ ஊத்திக் குடுத்தம், முதுகத் தடவி விட்டம். இடது கைக்கு இறங்குது எண்டு சொன்னதயும் ஆரும் கணக்கெடுக்கல்ல. ஒரு மணித்தியாலத்துக்குப் பொறகுதான் அம்பியூலன்ஸ் நம்பர் 1990க்கு அடிச்சம். அம்பியூலன்ஸ் கெதியாத்தான் வந்திச்சி. நாங்கதான் பிந்திட்டம்.

உங்கட மகனுக்கு அது எண்டு நான் சொல்லல்ல. ஈசிஜி எடுத்தது நல்லம். ஆனா இத வாசிக்கிற ஆரும் நெஞ்சு நோவ வாய்வு எண்டு வீட்டுக்குள்ள வெச்சி முடிவெடுக்காதீங்க.


பாலையூற்று நேர்ஸ்
வெள்ளி, இரவு 11.20

அக்கா, வாட்டில 14 வருசம் வேலை செய்யிறன். கொஞ்சம் கேள்வி கேக்கிறன், தெரிஞ்சதைச் சொல்லுங்கோ. காய்ச்சல் உண்மையிலயே இண்டைக்குத்தான் தொடங்கினதோ, இல்லாட்டி நேற்றே உடம்பு கணகணத்ததோ? கடைசியா எப்ப மூத்திரம் போனவர், என்ன நிறம்? சத்தி இருக்கோ? படுத்திருக்கேக்க நெஞ்சு எத்தினை தரம் ஏறி இறங்குது எண்டு ஒரு நிமிசம் எண்ணிப் பாருங்கோ. வீட்டில வேற ஆருக்கும் கடைசி ரெண்டு கிழமைக்குள்ள ஏதும் வந்ததோ? முக்கியமா, குடுத்த நோவுக் குளிசையின்ர பேர் என்ன? பைக்கற்றில பாத்து எழுத்துக் கூட்டிப் போடுங்கோ.


உப்புவெளி அம்மா
வெள்ளி, இரவு 11.38

நித்திரைக்குப் பிறகு எண்ணினன், 20 வந்தது. மூத்திரம் ஒம்பது மணிக்குப் போனவன், சாதாரண நிறம் எண்டான். சத்தி இல்லை. நேற்று இரவு தலையிடிக்குது எண்டு நேரத்துக்குப் படுத்தவன், நான் தொட்டுப் பாக்கேல்ல.

குளிசை டைக்குளோபெனக் எண்டு கிடக்கு. ஒண்டு குடுத்திட்டன்.

வீட்டில எண்டா, சின்னவளுக்குப் போன கிழமை வாய்க்குள்ள புண். கை காலிலயும் சின்னக் கொப்புளம். பாலர் பாடசாலையில கன பிள்ளையளுக்கு வந்தது எண்டு ரீச்சர் சொன்னவ. இப்ப சுகம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காது எண்டு நினைக்கிறன்.


பாலையூற்று நேர்ஸ்
வெள்ளி, இரவு 11.46

டைக்குளோபெனக் இனிக் குடுக்காதேங்கோ. இது பெரிய விசயம் அக்கா. மாரி மழை விட்டு இப்பதான் ரெண்டு கிழமை. ஊரில டெங்கு நிக்குது. டெங்கு இல்லை எண்டு தெரியும்வரைக்கும் டைக்குளோபெனக், இபுபுரூபன், அஸ்பிரின், மெபனமிக் அசிட் ஒண்டும் கூடாது. இரத்தக் கசிவைக் கூட்டும். பிள்ளையளுக்கு வைரஸ் காய்ச்சலில அஸ்பிரின் ஈரலையும் மூளையையும் தாக்கும், அது வேற கதை. பெனடோல், அதுதான் பரசிற்றமோல், மட்டும் குடுங்கோ. ஒரு கிலோ நிறைக்கு 15 மில்லிகிராம் வரைக்கும், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, நாளைக்கு நாலு தரத்துக்கு மேல வேண்டாம்.

ஒரு குளிசை குடுத்ததுக்கு இரவிரவாப் பயப்பிட வேண்டாம். நாளைக்கு விடிய அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கோ, அந்தக் குளிசை குடுத்ததையும் மறைக்காமச் சொல்லுங்கோ. எப்பிசி எண்ட இரத்த அணுக் கணக்கு எடுப்பினம், டெங்கு வைரஸைத் தேடுற என்எஸ் 1 சோதினையும் செய்யலாம். இரவில வயித்து நோவு விடாம நிண்டாலோ, சத்தி நிக்காட்டியோ, கை கால் குளிர்ந்தாலோ, மயக்கமா இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ விடியிறதைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ.

சின்னவளின்ர வாய்ப்புண்ணை டொக்டரிட்டை கட்டாயம் சொல்லுங்கோ. சம்பந்தம் இருக்கலாம்.


தம்பலகாமத்தான்
சனி, விடிய 5.15

வயலுக்குப் போக எழும்பினன், இதைப் பாத்தன். தங்கச்சி, பெடியன் சேத்துத் தண்ணிக்குள்ள இறங்கினவரோ? மழை நிண்ட மைதானத்தில வெறுங்காலோட விளையாடினவரோ? எங்கட பக்கம் திடீர்க் காய்ச்சலும் தசை நோவும் எண்டா முதலில எலிக்காய்ச்சல் எண்டுதான் பயப்பிடுவம். எனக்கு 2008இல வந்தது. அந்த வருசம் நாடு முழுக்க அடிச்சது. கெண்டைக்காலைத் தொட ஏலாது, நாரி முறிஞ்ச மாதிரி, கண் ரெண்டும் சிவப்பு. மூத்திரம் குறைஞ்சு கறுத்துப் போச்சு. சிறுநீரகம் வரைக்கும் போய்த்தான் திரும்பினன். இப்ப விதைப்புக்கு முதல் எம்ஓஎச் எண்ட சுகாதாரக் கந்தோரில கிழமைக்கு ஒருக்காப் போடுற டொக்சிசைக்கிளின் குளிசையை ஒழுங்கா வாங்கிப் போடுறன்.

அது வைரஸ் இல்லை, பக்டீரியா. நேரத்துக்கு மருந்து குடுத்தா மாறும், அதாலதான் கேக்கிறன். தண்ணிக்குள்ள நிண்டவர் எண்டா டொக்டர் கேக்காட்டியும் நீங்கள் சொல்லுங்கோ.


சீனக்குடா ஐயா
சனி, காலை 6.40

பிள்ளை, 2006 கடைசியில் சிக்குன்குனியா கிழக்கை ஆட்டின ஆட்டம் இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குத் தெரியாது. மூதூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனத்தோடு நான் நிவாரண வேலையில் நின்ற காலம். விடியக் காலையில் நல்லாய் நின்ற மனிசன் மத்தியானம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். "வளைந்து போவது" என்ற பொருளில் ஆபிரிக்காவில் மக்கொண்டே மொழிக்காரர் வைத்த பெயர் அது என்று பிறகுதான் வாசித்தேன். எனக்குக் கணுக்கால் மூட்டு மாறப் பத்து மாதம் எடுத்தது.

அதிலே நோவு மூட்டில். உன் மகனுக்கு விலாவில் என்கிறாய். எங்கள் ஆச்சி இதை மூச்சுப்பிடிப்பு என்பா. நல்லெண்ணெயைச் சூடாக்கி நீவி, நொச்சி இலை ஒத்தணம் கொடுத்து, மூன்று நாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிக்க வார்த்தால் விட்டுவிடும். ஏழு கிணறும் ஏழு விதச் சூடு. நான் கண்ட உண்மை இது.


உப்புவெளி அம்மா
சனி, மத்தியானம் 1.10

வைத்தியசாலையில இருந்து எழுதுறன். விடிய நாலு மணிக்கு இவருக்கும் வந்திட்டுது! அவருக்கு 43. இடது பக்கம். கிண்ணியாத் தம்பி, உங்கட எழுத்துத்தான் கண்ணுக்கு முன்னால நிண்டது. ஒரு நிமிசமும் நிக்காம 1990க்கு அடிச்சம். தகப்பனும் மகனும் ஒரே அம்பியூலன்ஸில வந்தவை.

இவருக்கு ஈசிஜி ரெண்டு தரம், இதயத் தசை பழுதோ எண்டு பாக்கிற ட்ரொபோனின் இரத்தச் சோதினை ரெண்டு தரம். ரெண்டும் நல்லம். மகனுக்கு வெள்ளணு கொஞ்சம் குறைவு, பிளேட்லட் நல்லா இருக்கு, என்எஸ் 1 இல்லை எண்டு வந்தது. காய்ச்சல் இருக்கிறபடியால் நாளைக்கும் எப்பிசி எடுக்க வேணுமாம். சேத்துத் தண்ணி பற்றியும் சொன்னனான் தம்பலகாமத்து அண்ணா, கெண்டைக்காலை அமத்திப் பாத்தவை, கண்ணையும் பாத்தவை.

பெரிய டொக்டர் ஒரு அம்மா. சின்னவளின்ர வாய்ப்புண்ணைச் சொன்ன உடன எழுதிறதை விட்டிட்டு நிமிர்ந்து பாத்தவ. விலா எலும்புகளுக்கு இடையில விரலால மெல்ல அமத்திக்கொண்டு போனவ, ஒரு இடத்தில மகன் "அங்கதான்" எண்டு கத்தினான். "இது தசை. நடிப்பில்லை, நல்லா நோகும்" எண்டு அவனைப் பாத்துச் சொன்னவ. அவன் கண் கலங்கினதை நான் பாத்தன். போர்ன்ஹோம் எண்டு ஒரு பேர் சொன்னவ, சனம் கூடினதால விளங்கக் கேக்க ஏலாமப் போச்சு. ஆராவது சொல்லித் தாங்கோ.


உவர்மலை டொக்டர்
சனி, இரவு 8.30

நான் பார்க்காத நோயாளிக்கு இங்கிருந்து நோயின் பெயர் வைக்க மாட்டேன். அந்த டொக்டர் சொன்ன நோய் எது என்று மட்டும் சொல்கிறேன்.

கொக்சாக்கி பி என்ற வைரஸ் கூட்டம் இருக்கிறது. குடலில் தங்கிப் பெருகும் என்டெரோவைரஸ் குடும்பம், போலியோவுக்கு உறவு. அதன் பங்காளியான கொக்சாக்கி ஏ கூட்டம்தான் பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் கை, கால், வாய் நோய்க்குப் பெரும்பாலும் காரணம். பி கூட்டமும் சில வேளை அதே கொப்புளங்களைத் தரும். ஒரே வீட்டில் ஒருவருக்கு வாய்ப்புண், ஒருவருக்குச் சாதாரணக் காய்ச்சல், இன்னொருவருக்கு விலாக் குத்து என்று வருவது உண்டு. உங்கள் வீட்டுக் கதையில் டொக்டரை நிமிர வைத்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பி கூட்டத்துக்குத் தசையில் ஒரு பிடிப்பு. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசையிலும் மேல்வயிற்றுத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும். மூச்சு இழுக்கும்போது அசைவது அந்தத் தசைகள்தானே. அதனால்தான் மூச்செடுத்தாலும் இருமினாலும் திரும்பிப் படுத்தாலும் குத்துகிறது. அலை அலையாக வரும். பெரியவர்களுக்கு ஒரு அலை பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடம், சிறு பிள்ளைகளுக்குச் சில நிமிடம். இடையில் ஆள் ஒன்றுமே நடக்காதவர் மாதிரி இருப்பார். நடிப்பு என்று பலர் ஏமாறுவது இந்த இடைவெளியைப் பார்த்துத்தான். சிறு பிள்ளைகளுக்கு நோவு நெஞ்சைவிட வயிற்றில் கூடுதலாகத் தெரியும், அப்பென்டிசைட்டிஸ் என்று நினைத்துச் சத்திரசிகிச்சைப் பிரிவு வரை போன பிள்ளைகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

ஈசிஜியும் எக்ஸ்ரேயும் நன்றாக இருப்பது நோய் இல்லை என்பதற்குச் சான்று அல்ல. இதயமும் நுரையீரலும் தப்பியிருக்கின்றன என்றுதான் அதற்குப் பொருள். தசையின் நோவு அந்தப் படங்களில் விழாது. தொண்டையிலோ மலத்திலோ மாதிரி எடுத்து வைரஸைத் தேடலாம், ஆனால் சிகிச்சையை அது மாற்றாது என்பதால் வழக்கமாகச் செய்வதில்லை. இந்த வைரஸுக்கென்று மருந்தும் இல்லை. பெனடோல், ஓய்வு, இளஞ்சூட்டு ஒத்தணம். பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் விட்டுவிடும். இடையில் ஒருமுறை மாறின மாதிரிக் காட்டி மறுபடி வரலாம்.

சீனக்குடா ஐயா, ஒத்தணம் என்ற உங்கள் ஆச்சியின் வழி நல்லது, அதை விட வேண்டாம். நீவுவது வேண்டாம், அழன்ற தசையை அமத்தினால் நோவு கூடும். கன்னியாவுக்கும் இப்போது வேண்டாம். வைரஸ் மலத்தோடும் எச்சிலோடும் பரவும், காய்ச்சல்காரரைப் பலர் குளிக்கும் இடத்துக்குக் கொண்டு போகக் கூடாது.


அன்புவழி அக்கா
சனி, இரவு 9.15

டொக்டர், கோபிக்க வேண்டாம். காய்ச்சலோட போனா "வைரஸ்" எண்டு சொல்லிப் பெனடோலோட அனுப்பினம். நோவோட போனாலும் "வைரஸ்". எங்கட சனத்துக்கு அந்தச் சொல்லில நம்பிக்கை போட்டுது. இப்ப வெளிநாட்டுப் பேர் ஒண்டும் சேர்ந்திருக்கு. எங்கட ஊரில வாற வருத்தத்துக்கு ஏன் எங்கயோ இருக்கிற ஒரு இடத்தின்ர பேர்? பேர் வைச்சா நோவு குறையுமோ?


உவர்மலை டொக்டர்
சனி, இரவு 10.05

கோபம் இல்லை அக்கா. "வைரஸ்" என்று ஒரு சொல்லில் முடித்து அனுப்புவது எங்கள் பக்கத்துப் பிழை. இரண்டு நிமிடம் இருந்து சொன்னால் ஆட்கள் விளங்கிக்கொள்வார்கள்.

போர்ன்ஹோம் என்பது பால்டிக் கடலில் டென்மார்க்குக்குச் சொந்தமான ஒரு தீவு. 1930 கோடையில் அங்கே இருந்த ஐனார் சில்வெஸ்ட் என்ற டேனிஷ் டொக்டர், ஒன்றன்பின் ஒன்றாக ஆட்கள் விலாவைப் பிடித்துக்கொண்டு விழுவதைப் பார்த்தார். அதை விரிவாக எழுதினார், தீவின் பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் நோய் அந்தத் தீவில் பிறந்தது அல்ல. 1872இல் நோர்வேயில் பாம்ப்ளே என்ற ஊரில் இதே நோவைக் கண்டு அந்த ஊரின் பெயரை வைத்திருந்தார்கள். 1888இல் அமெரிக்காவில் வர்ஜீனியாவில் டப்னி என்ற டொக்டர் இதைப் பற்றி எழுதினார். அவருடைய கட்டுரையின் தலைப்பு என்ன தெரியுமா? "டெங்குவைப் போன்ற ஒரு கொள்ளைநோய்." 1888லேயே அந்த மனிதருக்கு வந்த குழப்பம்தான் நேற்று உப்புவெளியில் ஒரு வீட்டுக்கு வந்திருக்கிறது. இதை வாசித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அங்கே ஆட்கள் இதைப் பேய்ப்பிடி என்ற பொருளில் சொன்னார்கள். எங்கள் ஆச்சிமார் மூச்சுப்பிடிப்பு என்றார்கள். எல்லாரும் ஒரே பிடியைத்தான் உணர்ந்திருக்கிறார்கள்.

கொக்சாக்கியும் ஊர்ப் பெயர்தான். நியூயோர்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள ஒரு சின்ன ஊர். போலியோ போல் கைகால் விளங்காமல் போன பிள்ளைகளின் மலத்திலிருந்து கில்பேர்ட் டால்டோர்வ், கிரேஸ் சிக்கிள்ஸ் இருவரும் பிரித்தெடுத்த வைரஸ் இது, 1948இல் அறிவித்தார்கள். வளர்ந்த எலிக்கு ஒன்றும் செய்யாத வைரஸ், பிறந்த எலிக்குஞ்சின் தசையை அழித்தது. அதைக் கண்டுபிடிக்கும் வரை, விலாவைப் பிடித்து விழுந்தவர்களுக்கு ஏன் அப்படி நடந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

பெயர் நோவைக் குறைக்காது அக்கா. ஆனால் பெயர் தெரிந்தால் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது, எத்தனை நாள் பார்க்கலாம், எப்போது ஓட வேண்டும் என்று தெரியும். நடிக்கிறான் என்று ஒரு பிள்ளையைச் சொல்லாமலும் இருக்கலாம்.


அன்புவழி அக்கா
சனி, இரவு 10.20

விளங்குது டொக்டர். இப்பிடி முதலே ஆராவது சொல்லியிருந்தா நான் அப்பிடிக் கேட்டிருக்க மாட்டன்.


உப்புவெளி அம்மா
ஞாயிறு, காலை 9.00

மகனுக்கு இதை முழுக்க வாசிச்சுக் காட்டினன். வர்ஜீனியாக் கதையை ரெண்டாந்தரம் வாசிக்கச் சொன்னான்.

இன்னொரு பயம். என்ர தங்கச்சிக்கு இது ஒம்பதாம் மாசம். வாற கிழமை எங்கட வீட்டுக்கு வந்து நிண்டு, இங்கயிருந்துதான் பிள்ளைப்பேறுக்குப் போறதா இருந்தது. தொட்டிலும் கழுவி வைச்சிட்டன். வரச் சொல்லலாமோ?


பாலையூற்று நேர்ஸ்
ஞாயிறு, காலை 9.12

வேண்டாம் அக்கா! இதைக் கேட்டது ஆயிரம் புண்ணியம். எங்களுக்கு விலாக் குத்தோட போற வைரஸ், பிறந்த சிசுவின்ர இதயத்தையும் ஈரலையும் மூளையையும் தாக்கும். பேறு கிட்டின நேரத்தில தாய்க்கு வந்தா பிள்ளைக்கும் போகலாம். தங்கச்சி அவவின்ர மாமி வீட்டிலயோ, வேற எங்கயோ நிக்கட்டும். மனவருத்தம்தான், ஆனா வேண்டாம். அவவுக்கு இப்பவே காய்ச்சல் கீய்ச்சல் இருந்தா கிளினிக்கில உடன சொல்லச் சொல்லுங்கோ.

காய்ச்சல் விட்டாலும் வைரஸ் மலத்தில கிழமைக்கணக்கா வெளியேறும். கக்கூசுக்குப் போட்டு வந்து, சாப்பாட்டில கை வைக்க முதல், சின்னவளுக்குக் கழுவி விட்ட பிறகு, சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில கழுவுங்கோ. கொரோனாக் காலத்தில வாங்கி வைச்ச கைக்கு ஊத்துற ஸ்பிரிற் தண்ணியை இதுக்கு நம்பாதேங்கோ. கொரோனா வைரஸுக்கு மேல கொழுப்புப் போர்வை, அதை ஸ்பிரிற் உரிக்கும். இதுக்கு அந்தப் போர்வை இல்லை, சவுக்காரத்தால தேய்ச்சுக் கழுவித்தான் போக்க வேணும். கதவுக் கைப்பிடி, விளையாட்டுச் சாமானுக்குக் குளோரின் கரைச்சல் பாவியுங்கோ.


கடலோரம்
திங்கள், இரவு 11.55

பெயர் சொல்ல விரும்பேல்ல. எனக்கும் பத்து நாளுக்கு முதல் இதே மாதிரி விலா நோவு வந்து மாறினது. மூண்டு நாளா ஒரு பக்க விதை வீங்கி நோகுது. வீட்டில சொல்ல வெக்கம். இதுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்கோ? 28 வயசு.


உவர்மலை டொக்டர்
செவ்வாய், காலை 6.05

தம்பி, கேட்டது நல்லது. இந்த வைரஸ் சில ஆண்களுக்கு அப்படிச் செய்யும், கன்னம் வீங்கும் கூவக்கட்டில் வருவது போல. பெரும்பாலும் மாறிவிடும். ஆனால் விதை முறுக்கிக்கொண்டாலும் இதே நோவுதான் வரும், அதற்கு மணித்தியாலக் கணக்கில் சத்திரசிகிச்சை தேவை. இரண்டையும் வீட்டிலிருந்து பிரிக்க முடியாது. மூன்று நாளாகிவிட்டது, இதை வாசித்த கையோடு வெளிக்கிடுங்கள். அங்கே தினமும் பார்க்கும் விஷயம்தான் இது, உங்களை ஒருவரும் வேறு கண்ணால் பார்க்க மாட்டார்கள்.


கடலோரம்
செவ்வாய், பின்னேரம் 4.30

போனன். ஸ்கான் எடுத்தவை. முறுக்கேல்ல, அழற்சிதான். தாங்கிக் கட்டிக்கொண்டு படுக்கச் சொன்னவை. நன்றி டொக்டர். இங்க எழுதாட்டி இன்னும் சொல்லாமத்தான் இருந்திருப்பன்.


உப்புவெளி அம்மா
வியாழன், இரவு 7.45

செவ்வாயும் புதனும் மகன் நல்லா இருந்தான். டெங்கு இல்லை எண்டு மூண்டாம் எப்பிசியோட முடிவாச் சொல்லிட்டினம். இண்டைக்கு விடிய திரும்ப ஒரு அலை, இந்த முறை மேல்வயித்தில. டொக்டர் முதலே எழுதினபடியால் நான் பதறேல்ல. தவிட்டை வறுத்துச் சீலையில கட்டி ஒத்தணம் குடுத்தன், மாமிதான் பக்கத்தில இருந்து சூடு பாத்துப் பாத்துத் தந்தவ. பத்து நிமிசத்தில விட்டுது. இவர் வேலைக்குப் போகத் தொடங்கிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மச் ஒண்டு இருக்காம். விடட்டோ?


உவர்மலை டொக்டர்
வியாழன், இரவு 8.20

விடாதீர்கள். இந்த வைரஸ் சிலருக்கு இதயத் தசையிலும் அதன் உறையிலும் இறங்கும். நூற்றில் மிகச் சிலருக்குத்தான், ஆனால் அது இறங்கியிருக்கும் நேரத்தில் ஓடுவது ஆபத்து. இந்த வைரஸ் ஏற்றிய எலிகளை நீந்த விட்ட பரிசோதனைகளில், ஓய்வாக விட்ட எலிகளைவிட அவற்றின் இதயம் மோசமாகப் பாதிக்கப்பட்டது. நோவு முழுக்க விட்டு, படியேறினாலும் களைக்காமல், கிளினிக்கில் ஒருமுறை பார்த்து இதயம் தப்பியிருக்கிறது என்று சொன்ன பிறகு மெல்லத் தொடங்கட்டும். இடையில் நெஞ்சுப் படபடப்பு, காலில் வீக்கம், நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டல், மயக்கம் ஏதாவது வந்தால் அன்றைக்கே வைத்தியசாலை. கடுந்தலையிடியோடு கழுத்து விறைத்தாலும் அப்படியே.


தம்பலகாமத்தான்
வியாழன், இரவு 8.50

தங்கச்சி, என்ர பேரனுக்கு ஏழு வயசு. போன வருசம் காய்ச்சல் மாறின அண்டைக்கு விடிய கட்டிலால இறங்க மாட்டன் எண்டான். குதிக்கால் நிலத்தில படாம நுனிக்காலில நடந்தான். பாரிசவாதம் எண்டு வீடே அழுதது. டொக்டர் பாத்திட்டு இன்புளுவென்சாக் காய்ச்சலுக்குப் பிறகு பிள்ளையளுக்குக் கெண்டைக்கால் தசை இப்பிடி அழலும் எண்டார். மூத்திரம் கறுக்குதோ எண்டு மட்டும் பாக்கச் சொன்னார், தசை கூட உடைஞ்சா சிறுநீரகத்தை அடைக்குமாம். நாலு நாளில ஓடித் திரிஞ்சான். விலாக் குத்துக் கதையை வாசிச்ச பிறகுதான் ரெண்டும் ஒரு மாதிரி எண்டு விளங்குது.


உப்புவெளி அம்மா
சனி (இரண்டு கிழமைக்குப் பிறகு), காலை 10.00

தங்கச்சிக்குப் பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம். அவவின்ர மாமி வீட்டில நிக்கினம், நான் வீடியோவில மட்டும் பாத்தன். தொட்டிலை இவர் மோட்டச்சைக்கிளில கட்டிக்கொண்டு போய் வாசல்ல வைச்சிட்டு வந்தவர்.

மகனுக்குக் கிளினிக்கில பாத்து இதயம் நல்லம் எண்டு சொன்னவை. நேற்று மைதானத்தில அரைச் சுற்று நடந்தான்.


மூதூர் ரீச்சர்
சனி, இரவு 9.25

அக்கா, நான் இந்தத் தளத்துக்குப் புதுசு. தேடிக்கொண்டு வந்தன். மகளுக்கு 11 வயசு. மத்தியானத்திலயிருந்து வயித்துக்கு மேல பிடிச்சுப் பிடிச்சு இழுக்குது எண்டு சுருண்டு சுருண்டு அழுறா, பிறகு சிரிச்சு விளையாடுறா. வீட்டில எல்லாரும் செல்லத்துக்கு எண்டு சொல்லுகினம். எனக்கு என்ன செய்யிற எண்டு தெரியேல்ல.


உப்புவெளி அம்மா
சனி, இரவு 9.28

ரீச்சர், நான் முழிச்சுத்தான் இருக்கிறன். பிள்ளையை நம்புங்கோ. காய்ச்சல் இருக்கோ, எத்தினையாம் நாள்? கடைசியா எப்ப மூத்திரம் போனவ, என்ன நிறம்? நோவு ஒரே இடத்தில நிக்குதோ, வலது பக்கம் கீழ இறங்குதோ? வீட்டில வேற ஆருக்கும் வாய்ப்புண் வந்ததோ? நோவுக்கு ஏதும் குடுத்தீங்களோ? குடுத்திருந்தா பைக்கற்றைப் பாத்து எழுத்துக் கூட்டிப் போடுங்கோ.